ஒரே குடுவையில் இரண்டாம் கட்டம் ஏன் கறுத்துப்போகிறது?

பினாங்கில் முதுகலை ஆய்வு செய்யும் வாசகி ஒருவரின் கேள்வி: "ஓர் அரைல் புரோமைடில் (புரோமின் ஒட்டிய அரோமாட்டிக் வளையம்) போரானை ஏற்றி, அதைப் பிரித்தெடுக்காமல் அதே குடுவையில் இன்னொரு புரோமைடுடன் சுசுகி இணைப்பு (பலேடியம் வினையூக்கியால் இரண்டு பாதிகளையும் இணைப்பது) செய்கிறேன். தனித்தனியாகச் செய்தால் இரண்டும் நன்றாக வருகின்றன. ஒரே குடுவையில் செய்தால், இரண்டாவது புரோமைடையும் கார்பனேட் காரக் கரைசலையும் சேர்த்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாம் கறுத்துவிடுகிறது. விளைச்சல் 20 விழுக்காட்டைத் தாண்டவில்லை. வேறு பலேடியம் வாங்க வேண்டுமா, சார்?"

வாங்க வேண்டாம். தனித்தனியாகச் செய்தபோது நடுவில் சிலிக்காவில் சுத்தம் செய்தீர்கள் அல்லவா? மிஞ்சிய டைபோரானும் (போரானைத் தரும் வினைபொருள்) மிஞ்சிய புரோமைடும் அங்கேயே நின்றுவிட்டன. இரண்டாம் கட்டத்துக்குப் புதிய வினையூக்கியும் போட்டீர்கள். ஒரே குடுவை என்றால் இந்த மூன்றையும் நீங்களே கவனிக்க வேண்டும்.

முதலில் கறுப்பு. பாஸ்பீன் என்ற துணை மூலக்கூறு பிடித்திருக்கும்வரைதான் பலேடியம் கரைசலில் நிற்கும். ஆக்சிஜன் பாஸ்பீனைக் கெடுத்தால் பலேடியம் அணுக்கள் ஒன்றுகூடிக் கறுப்புப் பொடியாகப் படிந்துவிடும். ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? தண்ணீரில் கரைந்திருப்பது சொற்பம். லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுதான். எனக்குச் சந்தேகம் மூடியின் மேல். திடமான புரோமைடைக் கொட்ட மூடியைத் திறந்திருப்பீர்கள். 1 மில்லிமோல் அளவில் 3 விழுக்காடு பலேடியம் என்றால் 30 மைக்ரோமோல். உள்ளே 20 மில்லி காற்று புகுந்தாலே அதில் ஏறத்தாழ 170 மைக்ரோமோல் ஆக்சிஜன் இருக்கிறது. பலேடியத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல்!

அதனால் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். குடுவையை அறை வெப்பநிலைக்கு ஆறவிடுங்கள். இரண்டாவது புரோமைடை டையாக்சேன் கரைப்பானில் கரைத்து, கார்பனேட் கரைசலைத் தனியாக வைத்து, இரண்டிலும் நீண்ட ஊசியால் 20 முதல் 30 நிமிடம் நைட்ரஜன் குமிழ விடுங்கள். பிறகு நைட்ரஜன் ஓட்டத்திலேயே சிரிஞ்சால் ஏற்றுங்கள். 80 டிகிரியில் மணிக்கணக்காக நின்ற ரப்பர் செப்டம் (ஊசி குத்தும் மூடி) பலமுறை குத்துப்பட்டிருந்தால் கசியும். ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்த வேண்டாம்.

அடுத்து, சேர்க்கும் வரிசை. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கார்பனேட்டை முதலிலேயே போட்டுவிடாதீர்கள். பருப்பு வேகுமுன் புளியை ஊற்றிய கதையாகிவிடும். 1995-இல் மியாவுரா குழு இந்த போரான் ஏற்றத்தை வெளியிட்டபோது பொட்டாசியம் அசிடேட்டைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வலுவான காரம் இருந்தால், அப்போதுதான் உருவான போரனேட் (போரான் ஏறிய பொருள்) மிச்சமிருக்கும் அதே புரோமைடுடன் இணைந்துவிடும். அசிடேட் அந்த இணைப்பைத் தூண்டாத அளவுக்கு மென்மையானது. ஆனால் பினாங்கின் ஈரக்காற்றில் திறந்த அசிடேட் புட்டி சீக்கிரமே கசகசத்துக் கட்டியாகிவிடும். நீங்கள் நிறுப்பதில் ஒரு பகுதி தண்ணீராகவும் இருக்கலாம். வெற்றிட அடுப்பில் உலர்த்தி, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத கலம்) வையுங்கள்.

டைபோரானை 1.05 முதல் 1.1 சமானத்துக்கு (முதல் புரோமைடின் மோல் அளவை 1 என்று கொண்டால்) மேல் போடாதீர்கள். மிஞ்சினால் அது இரண்டாவது புரோமைடின் மேலும் ஏறும்.

இதில் எது உங்கள் குடுவையில் நடக்கிறது என்பதை ஜிசி-எம்எஸ் (கலவையில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) காட்டிக்கொடுக்கும். முதல் பாதியை அ, இரண்டாவதை ஆ என்று வைத்துக்கொள்வோம். அ–அ தெரிந்தால் பெரும்பாலும் முதல் கட்டம் முடியுமுன் கார்பனேட் போய்விட்டது. துளி எடுத்து, புரோமைடு தீர்ந்ததைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். ஆ–ஆ தெரிந்தால் டைபோரான் அதிகம். அ–ஹைட்ரஜன் தெரிந்தால் போரான் உதிர்கிறது என்று முதலில் சந்தேகிக்கலாம். தனியாகச் செய்தபோது நன்றாக வந்ததால் உங்களிடம் அது பெரிதாக இருக்காது என்று நினைக்கிறேன். 2-பிரிடைல் போன்ற வளையங்களில் இது தொல்லை; அப்போது போரானை மற்ற பாதியில் ஏற்றி வரிசையை மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் கறுத்தால், இரண்டாம் கட்டத் தொடக்கத்தில் 1 விழுக்காடு புதிய வினையூக்கி சேர்ப்பதில் தப்பே இல்லை. ஆய்வேட்டில் மட்டும் இரண்டு முறை போட்டதையும் கூட்டி எழுதுங்கள்.