தப்பு என்று தெரிந்தும் வாய் வரவில்லையே, எனக்கு மன உறுதி இல்லையா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: மாதக் கடைசியில் இல்லாத சரக்கை இருப்பதாக ஸ்டாக் கணக்கில் எழுதச் சொல்கிறார் உங்கள் மேனேஜர். இந்தத் தடவை முடியாது என்று சொல்லிவிட வேண்டும் என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போகிறீர்கள். அவர் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் "சரி சார்" என்று சொல்லிவிடுகிறீர்கள். மன உறுதி போதவில்லை என்று நினைத்து, விடியற்காலையில் எழுந்து ஓடுகிறீர்கள், போன் பார்ப்பதைக் குறைத்திருக்கிறீர்கள். அதெல்லாம் நடக்கிறது, இது மட்டும் நடக்கவில்லை. "நான் கோழையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

நான் 15 வருடம் மருந்துக் கம்பெனிகளின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை பார்த்தவள். எனக்கு நடந்ததிலிருந்தே சொல்கிறேன்.

2009-ல் எனக்கு 24 வயது. வலிப்பு நோய்க்கான ஒரு மாத்திரைக்கு டிசொல்யூஷன் டெஸ்ட் போட்டிருந்தேன். மாத்திரை வயிற்றுக்குள் போனால் எவ்வளவு வேகமாகக் கரையும் என்று பார்க்கிற சோதனை அது. ஆறு கண்ணாடிக் குடுவைகளில் 37 டிகிரிச் சூட்டில் திரவம் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாத்திரையைப் போட்டுத் துடுப்பைச் சுழல விடுவோம். குறித்த நேரத்தில் கொஞ்சம் எடுத்து வடிகட்டி, எவ்வளவு மருந்து இறங்கியிருக்கிறது என்று அளப்போம். அன்று ஐந்து மாத்திரைகள் 88 சதவீதத்துக்கு மேல் வந்தன. ஆறாவது 47. முதல் ஆறில் தேறாவிட்டால் இன்னும் ஆறு, அப்புறம் பன்னிரண்டு என்று அடுத்த கட்டங்கள் உண்டு. ஆனால் அந்த மாத்திரைக்கு இருந்த வரம்பின்படி, ஒன்றே ஒன்று 50-க்குக் கீழே போனாலும் எந்தக் கட்டத்திலும் அந்த பேட்ச் தேறாது.

மணி ஏழரை. கீழே லோடு ஏற்ற லாரி நிற்கிறது. லேப் மேனேஜர் வந்தார். கோபப்படவில்லை. "குடுவையில காத்துக் குமிழி இருந்திருக்கும்மா. அனலிஸ்ட் எரர்னு போட்டுட்டு இன்னொரு ஆறு போட்டுப் பாருங்க" என்றார். மாத்திரையில் குறையில்லை, சோதனை செய்தவர் கைத்தவறு என்று அதற்கு அர்த்தம். குமிழி எதுவும் இல்லை. நான் குனிந்து பார்த்திருந்தேன். ஆறாவது குடுவையின் அடியில் அந்த மாத்திரை ஓரம் மட்டும் கரைந்து பொத்தான் மாதிரி கிடந்தது, துடுப்பு சுற்றும்போது லேசாக ஆடியது. இன்றைக்கும் அது என் கண்ணில் இருக்கிறது.

இன்னொரு ஆறு போட்டேன். எல்லாம் தேறின. "அனலிஸ்ட் எரர்" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லாரி போய்விட்டது. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட யாருக்கும் ஏதாவது ஆனதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான்.

இப்போது அந்த மேனேஜரைப் பற்றி. தினமும் நாலரைக்கு எழுந்து பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர். காபி, டீ தொட மாட்டார். தொழிற்சாலை கேன்டீனில் ஜிலேபி போட்டால் ஒரு துண்டுகூட எடுக்க மாட்டார். இத்தனை வருடத்தில் அவரைப் போல மன உறுதி உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னவரும் அவர்தான்.

அதனால்தான் விடியற்காலை ஓட்டம் உங்களுக்கு இதில் உதவவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நாக்கையும் தூக்கத்தையும் அடக்குவது நம்மோடு நாம் போடுகிற சண்டை. ஆபீஸில் எதிரே நிற்பது இன்னொரு மனிதரின் முகம். அந்த முகம் பெரும்பாலும் வில்லன் முகமாகவும் இருக்காது. எனக்கு வேலை கொடுத்தவர், அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது லீவு கொடுத்தவர். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேலை போய்விடும் என்று அந்த நிமிடத்தில் நான் நினைக்கக்கூட இல்லை. ஒரு சின்னச் சங்கடத்தைத் தவிர்க்கத்தான் பொய் எழுதினேன்.

எங்கள் துறையில் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒருவர் உண்டு, பிரான்சிஸ் கெல்சி. 1960 ஆகஸ்டில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவில் வேலைக்குச் சேர்ந்தார், வயது 46. அடுத்த மாதமே ஒரு ஃபைல் அவர் மேஜைக்கு வந்தது. தாலிடோமைடு என்ற தூக்க மாத்திரை. ஜெர்மனியில் 1957-லிருந்து விற்பனையில் இருக்கிறது, சுலபமான ஃபைல், புதிதாக வந்தவர் பார்க்கட்டும் என்று கொடுத்தார்கள்.

அன்றைய சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கம்பெனி விண்ணப்பம் கொடுத்த 60 நாளைக்குள் எஃப்டிஏ ஆட்சேபிக்காவிட்டால் மருந்து தானாகவே விற்பனைக்குப் போய்விடும். மௌனம் சம்மதம் என்று நாம் பழமொழியாகச் சொல்கிறோமே, அங்கே அது சட்டமாகவே இருந்தது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே மருந்து வெளியே போயிருக்கும், அவரை யாரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது.

அவர் செய்தது, ஒவ்வொரு தடவையும் 60 நாள் முடிவதற்குள் ஒரு கடிதம் எழுதினார். உங்கள் ஆதாரம் போதவில்லை, இந்தச் சோதனையின் விவரம் வேண்டும் என்று. கம்பெனி பதில் அனுப்பும், மறுபடி 60 நாள் ஓட ஆரம்பிக்கும், மறுபடி கடிதம். நேரிலும் போனிலும் கம்பெனிக்காரர்கள் அவரையும் அவருடைய மேலதிகாரிகளையும் சுமார் 50 தடவை நெருக்கினார்கள். சின்ன விஷயத்துக்கெல்லாம் முரண்டு பிடிக்கிறார் என்று மேலே புகார் போனது. 1961 பிப்ரவரியில், இந்த மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்குக் கை கால் மரத்துப்போகிறது என்று ஒரு பிரிட்டிஷ் டாக்டர் எழுதிய கடிதத்தை ஒரு மருத்துவ இதழில் படித்தார். நரம்பைப் பாதிக்கிற மருந்து வயிற்றிலிருக்கும் குழந்தையை என்ன செய்யும், கர்ப்பிணிகள் சாப்பிட்டால் பாதுகாப்பானது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று மே மாதம் கேட்டார். கம்பெனியிடம் பதில் இல்லை.

அந்த மாத்திரையால் குழந்தைகள் கை கால் வளராமல் பிறக்கின்றன என்பது கெல்சிக்கு அப்போது தெரியாது. 1961 நவம்பரில்தான் அது வெளியே வந்து, ஜெர்மனியில் மருந்தை நிறுத்தினார்கள். உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 10,000 பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் 17 பேர். அதுவும், அனுமதி கிடைக்கும் முன்பே சோதனை என்ற பெயரில் கம்பெனி ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு 25 லட்சம் மாத்திரைகளைக் கொடுத்திருந்ததால், மற்ற நாடுகளில் வாங்கிவந்து சாப்பிட்டவர்களும் இருந்ததால். ஆபத்து இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டு அவர் போராடவில்லை. எனக்கு இது இன்னும் தெரியவில்லை, தெரியாததற்கு நான் ஒப்புதல் தர மாட்டேன் என்பதில்தான் 14 மாதம் நின்றார்.

அவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். 1937-ல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா சிரப் குடித்து 100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் பலர் குழந்தைகள். சிரப்பில் எது விஷம் என்று கண்டுபிடிக்கிற வேலை சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்தபோது கெல்சி அங்கே மாணவி. கரைப்பானாகச் சேர்த்த டைஎத்திலீன் கிளைக்கால்தான் காரணம் என்று தெரிந்தது. அப்புறம் உலகப்போர்க் காலத்தில் குயினைனை வைத்து ஆராய்ச்சி செய்தபோது, வளர்ந்த முயல் சிதைத்து வெளியேற்றுகிற மருந்தை அதன் வயிற்றில் இருக்கிற கருவால் சிதைக்க முடியாது என்பதை நேரில் பார்த்தவர். 1960-ல் அந்த மேஜையில் உட்கார்ந்தபோது ஃபைலில் இருந்த எண்களுக்குப் பின்னால் அவர் கண்ணுக்கு ஒரு குழந்தை தெரிந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். தனியாகவும் இல்லை. கூடவே ஃபைலைப் பார்த்த வேதியியல் நிபுணரும் மருந்தியல் நிபுணரும் அவர் பக்கம் நின்றார்கள், மேலதிகாரிகளும் கைவிடவில்லை.

2025-ல் மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்களே, அதில் இருந்ததும் அதே டைஎத்திலீன் கிளைக்கால். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு பேப்பர் இருக்கும், அதில் கையெழுத்துப் போடும் இடம் இருக்கும். அந்த இடத்தில் பேனாவை வைத்தவள் நானும்தான்.

கூட ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் மில்கிராம் என்ற உளவியலாளர் செய்த சோதனை பலருக்குத் தெரியும். ஒருவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொன்னால், 40 பேரில் 26 பேர் கடைசி அளவு வரை கொடுத்தார்கள். நிஜமான மின்சாரம் இல்லை, அவர்களுக்கு அது தெரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த இருவர் "என்னால் முடியாது" என்று எழுந்தபோது, கடைசி வரை போனவர்கள் 40-ல் 4 பேர்தான். மற்ற 36 பேருக்குத் திடீரென்று மன உறுதி வளர்ந்துவிடவில்லை, பக்கத்து நாற்காலிதான் மாறியது.

என்னுடைய இரண்டாவது வாய்ப்பு 2016-ல் வந்தது, வேறு கம்பெனியில். நாளாக நாளாக மருந்து கெடுகிறதா என்று பார்க்க ஒரு வருடம் வைத்திருந்த ஸ்டெபிலிட்டி சாம்பிளில், மருந்து சிதைந்து உண்டாகிற ஒரு பொருள் 0.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.58 வந்தது. மருந்தில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கிற ஹெச்பிஎல்சி கருவியின் திரையில் ஒவ்வொரு பொருளும் ஒரு சின்ன மலை மாதிரித் தெரியும், அதுதான் பீக். அந்த பீக்குக்குக் கீழே ஒரு அடிக்கோடு இருக்கும். மவுஸால் அந்தக் கோட்டை ஒரு மயிரிழை மேலே ஏற்றினால் பீக்கின் பரப்பு குறையும், 0.49 ஆகிவிடும். காரணம் கேட்கிற கட்டத்தில் "பேஸ்லைன் சரியில்லை" என்று தட்டினால் போதும். "கொஞ்சம் மேனுவலா இன்டக்ரேட் பண்ணிப் பாருங்களேன்" என்றார் அங்கிருந்த மேனேஜர்.

நான் சொன்னது: "சார், பீக் இப்படித்தான் வந்திருக்கு. இதை வேற மாதிரி எழுத என்னால முடியாது. ஓஓஎஸ் போட்டுடலாம்."

ஓஓஎஸ் என்றால் அளவு மீறிவிட்டது என்று பதிவு செய்து விசாரணை தொடங்குவது. அந்த வாக்கியம் அந்த நிமிடத்தில் வந்ததில்லை. 2009-க்குப் பிறகு எப்போதோ எழுதி வைத்து, வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது நூறு தடவை சொல்லிப் பார்த்தது. அது மட்டும் இல்லை. அந்த லேபில் கூட வேலை பார்த்த ஒரு அக்காவும் நானும் ஒப்பந்தம் வைத்திருந்தோம்: முதலில் வந்த எண்ணை முதலில் நோட்டில் பேனாவால் எழுதுவது, ஒருவர் எழுதியதை மற்றவர் உடனே பார்த்துக் கையெழுத்துப் போடுவது, அதற்கு அப்புறம்தான் மேனேஜரிடம் போவது. அவர் என் மேஜைக்கு வந்தபோது 0.58 ஏற்கெனவே மையில் இருந்தது. இன்னொன்று, அதற்கு ஒரு வருடம் முன்னால் நகைக்கடனை அடைத்துவிட்டு, ஆறு மாதச் சம்பளத்தைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பணத்தை நான் தொடவே இல்லை. ஆனால் அது இருந்ததால்தான் என் குரல் நின்றது. பணமில்லாதவனுக்கு நேர்மை இருக்காது என்று சொல்லவில்லை. அடுத்த மாத வாடகைக்கு வழியில்லாதவர் தலையாட்டிவிட்டால் அவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

மேனேஜர் ஒரு தடவை கேட்டதோடு விடவில்லை. மறுநாள் கேட்டார், வேறொருவரை விட்டுக் கேட்டார், வாரக் கடைசியில் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார். முதல் தடவை மறுப்பதைவிட நாலாவது தடவை மறுப்பது கஷ்டம், ஏனென்றால் அதற்குள் நமக்கே களைப்பு வந்துவிடுகிறது, நாம்தான் அதிகமாகப் பிடிவாதம் பிடிக்கிறோமோ என்று தோன்ற ஆரம்பிக்கிறது. புதிதாக ஏதாவது சொல்லப் பார்க்காமல் அதே வாக்கியத்தையே திரும்பச் சொன்னேன். ஒவ்வொரு 60 நாளுக்கும் ஒரு கடிதம் எழுதியவரை அந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஓஓஎஸ் பதிவானது, விசாரணை நடந்தது, அந்த மருந்தின் ஆயுளை 24 மாதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். எனக்கு அந்த வருடம் இன்கிரிமென்ட் மிகக் குறைவு. அடுத்த வருடம் வேறு வேலைக்கு மாறினேன். மேனேஜர் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், அது எனக்கு வலித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ராத்திரி தூங்கினேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குடோனில் உங்களோடு சேர்ந்து சரக்கு எண்ணுகிற ஒருவர் இருப்பார். அவருக்கும் இது பிடிக்காமல்தான் இருக்கும், நீங்கள் கேட்டதில்லை என்பதால் சொல்லியிருக்க மாட்டார். மாதக் கடைசிக்கு முன்னால் அவரோடு டீ குடிக்கப் போங்கள். இருவரும் எண்ணி, எண்ணியதைத் தேதி போட்டு எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அப்புறம் மேனேஜரைப் பாருங்கள். அவரிடம் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை, குற்றம் சாட்டாமல், உங்கள் பேச்சு வழக்கிலேயே இன்றைக்கு எழுதுங்கள். எழுதியதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதல் நாலைந்து தடவை குரல் நடுங்கும், எனக்குச் சமையலறையில் தனியாக நின்று சொல்லும்போதே நடுங்கியது.