வாகன கேள்வி பதில்: ஸ்டார்ட் ஆகுது, ஆனா நின்னுருது

கேள்வி: அண்ணே, என்கிட்ட இருக்கிறது 800 சிசி பெட்ரோல் கார், இன்ஜெக்‌ஷன் டைப், மெனுவல் கியர், அதுலதான் ஹயர் ஓடுறேன். ரெண்டு கிழமையா காலையில ஸ்டார்ட் பண்ணுனா உடனே பிடிக்குது, நாலஞ்சு செக்கன்ல உதறி நின்னுருது, எக்ஸிலேட்டர மிதிச்சு வச்சிருந்தா மட்டும் நிக்காது. கராஜ் பாஸ் பெட்ரோல் பம்ப் மாத்தணும்ங்கிறாரு. மாத்தவா?
- வாசகர், கொட்டகலை

பதில்: தம்பி, கொஞ்சம் பொறுங்க. மிதிச்சா நிக்கலன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. பம்ப் வீக்னா மிதிக்க மிதிக்கத்தான் மூச்சு வாங்கும், நானுஓயா ஏத்தத்துல இழுக்கவே இழுக்காது. உங்களுக்கு பெட்ரோலும் வருது, கரண்டும் வருது, காத்துதான் பத்தல. கால எடுத்தா த்ரொட்டில் தட்டு (எக்ஸிலேட்டர மிதிச்சா திறந்து எஞ்சினுக்கு காத்து விடுற மூடி) கிட்டத்தட்ட மூடிக்கும், அப்ப எஞ்சின் ஓடுறதே ஓரமா போற சின்ன வழியில ஐடில் வால்வு விடுற காத்துலதான், அந்த வழி கரி புடிச்சு அடைச்சிருக்கும். குளிர்ல எஞ்சினுக்கு அந்த காத்து கூடுதலா வேணும், அதனாலதான் காலையில படுத்துது.

எஞ்சின் ஓஃப்ல இருக்கப்ப எயார் ஃபில்டர்ல இருந்து வர்ற பெரிய பைப்ப கழட்டிப் பாருங்க, தட்டு ஓரத்துல சட்டி அடி மாதிரி கருப்பா இருக்கும். த்ரொட்டில் கிளீனர துணியில அடிச்சு தொடைங்க, கம்பி பிரஷ் போடாதீங்க. ஐடில் வால்வ மட்டும் பாஸ் கையால கழட்டி கழுவச் சொல்லுங்க. அப்பவும் சரி வரலன்னா ரப்பர் ஹோஸ் எங்கயாவது வெடிச்சு உஸ்ஸுன்னு காத்து இழுக்குதான்னு பாருங்க, அடுத்தது எஞ்சின் சூடு பாக்குற சென்சர்.

மிதிச்சாலும் ஒன்னு ரெண்டு செக்கன்ல நின்னு சாவி லைட் மின்னுச்சுன்னா அது வேற கதை, இமொபிலைசர், அதாவது சாவிய அடையாளம் தெரியலன்னா எஞ்சின ஓட விடாத திருட்டுத் தடுப்பு, ஸ்பெயார் சாவிய போட்டுப் பாருங்க.

இத சரி பண்ற வரைக்கும் பெட்ரோல் மிச்சம்னு இறக்கத்துல நியூட்ரல்ல விடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். இந்தக் கோளாறு கால எடுத்தாத்தான் எஞ்சின நிறுத்தும். எனக்கு லபுக்கலை தாண்டி ரம்பொடைக்கு இறங்குறப்ப அப்படி நின்னுச்சு, ரெண்டு மிதி பிரேக் புடிச்சுச்சு, மூணாவது மிதி கல்லு மாதிரி இறுகிப் போச்சு, ஸ்டியரிங்கும் கனத்துருச்சு, பின் சீட்டுல புள்ளைங்க. எஞ்சின் நின்னா பிரேக்குக்கு உதவுற வெக்கியூம் (எஞ்சின் காத்த உறிஞ்சுறதுல வர்ற இழுவை) ரெண்டு மூணு மிதிதான் தாங்கும். கியர்லயே இறங்குனா சக்கரமே எஞ்சின சுத்திக்கிட்டிருக்கும். அப்படியும் நின்னுட்டா பிரேக்க விட்டு விட்டு அடிக்காம ஒரே அழுத்தா அழுத்துங்க, செக்கன் கியர போடுங்க, ஹேண்ட் பிரேக்க மெல்ல இழுங்க, சாவிய மட்டும் உருவிறாதீங்க, ஸ்டியரிங் லொக் ஆகிரும்.

கேள்வி: கொழும்புல நல்லா ஓடுன பழைய கார்பரேட்டர் கார், நுவரெலியா வந்ததும் கரும்புகை தள்ளி ஐடில்ல நின்னுருது, ஏன்?
- வாசகி, நுவரெலியா

பதில்: தங்கச்சி, நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீட்டர், இங்க காத்தழுத்தம் கொழும்ப விட கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு கம்மி. பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடுற கார்பரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவுலயே பெட்ரோல ஊத்தும். மிக்சர் ஸ்க்ரூவ திருப்பி பெட்ரோல கொஞ்சம் குறைச்சு ஐடில கூட்டச் சொல்லுங்க, குளிர்ல ஸ்டார்ட் பண்ண இழுக்குற சோக் முழுசா உள்ள போகுதான்னும் பாருங்க. திரும்ப கொழும்புக்கே கொண்டு போனா மறுபடி பழைய அளவுக்கு வைக்கணும்.