இணையத்தில் இருக்கும் உரைகளைப் படித்துக் கணினி தானாகவே தகவல்களைக் கற்றுக்கொள்ளுமா? தமிழில் செய்து பார்க்க எங்கே தொடங்குவது?

கற்றுக்கொள்ளும். கற்றது கெடாமல் காப்பதுதான் பெரும்பாடு.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாம் மிட்செல் குழு 2010 ஜனவரியில் ஓடவிட்ட 'நெல்' (NELL, Never-Ending Language Learner) என்ற மென்பொருளைப் பாருங்கள். அதற்குக் கொடுத்தவை சுமார் 50 கோடி வலைப்பக்கங்கள், 123 வகைகள் (நகரம், நிறுவனம் மாதிரி), 55 உறவுகள் (எந்த வீரர் எந்த அணி மாதிரி), ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 எடுத்துக்காட்டுகள். கொடுத்த நகரப் பெயர்கள் எந்தத் தொடர்களில் வருகின்றன என்று பார்க்கும். அதே தொடர்களில் வரும் வேறு பெயர்களையும் நகரம் என்று எடுத்துக்கொள்ளும். அவற்றை வைத்து இன்னும் தொடர்களைத் தேடும். 67 நாளில் 2,42,000 தகவல்கள் சேர்ந்தன, மதிப்பிட்ட துல்லியம் 74 சதவீதம்.

மீதி ஏன் தப்பாகப் போனது? வலைத்தளங்கள் நம் உலாவியில் வைக்கும் சிறு கோப்பான இணையக் குக்கீயை, பெயர் ஒற்றுமையால் அது தின்பண்டம் என்று சேர்த்துக்கொண்டது. பிறகு 'குக்கீகளை அழித்தேன்' என்ற தொடரைக் கற்று, 'கோப்புகளை அழித்தேன்' என்று கண்டதும் கோப்பையும் தின்பண்டத்தில் போட்டது. ஒரு தப்பான பெயர் ஒரு தப்பான தொடரைத் தரும். அந்தத் தொடர் நூறு தப்பான பெயர்களைக் கொண்டுவரும். போதாக்குறைக்கு, அன்றைய வடிவத்தில் ஒருமுறை ஏற்றுக்கொண்ட தகவலைத் திரும்ப நீக்க வழியில்லை.

இதற்குக் கட்டுப்பாடு வேண்டும். நகரமும் நபரும் ஒன்றாக இருக்க முடியாது என்பது போன்ற விலக்குகளை முதலிலேயே எழுதிவிடுங்கள். உறவின் இரு பக்கமும் சரியான வகைதானா என்று சோதியுங்கள். வாக்கியம், பக்கத்தில் உள்ள பட்டியல் அல்லது அட்டவணை, பெயரின் எழுத்தமைப்பு என வெவ்வேறு வழிகளில் தேடுங்கள். நெல், ஒரே வழியில் வந்த தகவலை நம்பகம் (0 முதல் 1 வரையான அளவில்) 0.9-ஐத் தாண்டினால்தான் ஏற்றது. பல வழிகள் ஒத்துச் சொன்னால் அதற்குக் கீழும் ஏற்றது.

தமிழுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியாவின் தரவுக்கோப்பை இறக்கிக்கொண்டு, நகரம், ஆறு என்று இரண்டே வகைகளோடு தொடங்குங்கள். 'மதுரை, திருச்சி போன்ற நகரங்கள்' என்ற தொடர் கைகொடுக்கும் என்று தோன்றும். ஆனால் 'கோட்டை போன்ற வீடு', 'மலை போன்ற அலைகள்' எல்லாம் அதே வடிவில் வரும் உவமைகள். அதனால் 'போன்ற'வுக்கு முன்னால் காற்புள்ளியிட்ட இரண்டு பெயர்களாவது இருந்தால் மட்டும் எடுங்கள். 'ஆகிய' இதைவிடப் பாதுகாப்பானது, அதில் உவமை வராது.

அடுத்தது வேற்றுமை உருபு. 'மதுரையில்', 'மதுரைக்கு', 'மதுரையின்' மூன்றும் தனித்தனிப் பெயர்களாக எண்ணப்பட்டால் கணக்கே குலைந்துவிடும். சொல்லை மூலச்சொல், உருபு என்று பிரிக்கும் கருவியை முதலில் ஓட்டுங்கள். வெறுமனே கடைசி எழுத்துகளை வெட்டினால் 'மரத்தை' 'மரத்து' என்று நிற்கும், 'மரம்' கிடைக்காது. ஒரே வார்ப்பில் எழுதிய குறுங்கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியத்தை ஒரே சான்றாகவே எண்ணுங்கள்.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வகைக்கு 50 பெயர்களைக் குலுக்கலில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். ஐந்துக்கு மேல் தப்பாக இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போகாதீர்கள்; அந்தப் பெயர்களைக் கொண்டுவந்த தொடரைத் தேடி நீக்கி, அதன் வழியாக மட்டுமே வந்த மற்றவற்றையும் கழித்துவிடுங்கள். எந்தத் தகவல் எந்தத் தொடரிலிருந்து வந்தது என்பதை முதல் நாளிலிருந்தே பதிந்து வைத்தால்தான் இதைச் செய்ய முடியும்.