கணவர் பெயரில் டெபாசிட்: வட்டிக்கு வரி யாருக்கு?

கணவர் உங்களிடம் பணம் கேட்டு நிற்காமல் இருக்க அவர் பெயரில் டெபாசிட் போடலாமா, அதன் வட்டிக்கு வரி யாருக்கு என்று கேட்டிருந்தீர்கள். வரி உங்களுக்குத்தான். உங்கள் சம்பளத்திலிருந்து 3 லட்சத்தைக் கணவர் பெயரில் போட்டால், கொடுக்கிற பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் அதன் வட்டி உங்கள் வருமானத்தோடு சேரும். அவருக்கு வேறு வருமானமே இல்லாவிட்டாலும் அப்படித்தான். அந்த வட்டியை அவர் மறுபடி முதலீடு செய்து சம்பாதிப்பது மட்டும் அவர் கணக்கு.

முன்பே அவர் பெயரில் ஏதாவது போட்டிருந்தால், வருமான வரி இணையதளத்தில் அவருடைய ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து பாருங்கள். அங்கே தெரியும் வட்டியை உங்கள் ரிட்டர்னில் காட்டினீர்களா?

பெட்ரோலுக்கு ஐந்நூறு கேட்கும்போதெல்லாம் அவர் முகம் வாடுகிறது என்றீர்களே, அதற்கு டெபாசிட் மருந்தாகாது. உங்கள் கணவருக்கு இருப்பதுபோல் கோத்தகிரியில் ஒரு ஏக்கர் பச்சைத் தேயிலை என்றால் பணம் மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். உறைபனியில் கொழுந்து கருகினால் அதுவும் குறைந்துவிடும். குன்னூரில் எங்கள் வீட்டிலும் இதே நிலைதான். என் கணவர் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமல் நிற்பார். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும். அப்புறம் ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்கி, ஆளுக்கொரு ஏடிஎம் கார்டு வாங்கினோம். சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவு, தோட்டச் செலவு இரண்டும் அதற்குப் போய்விடும். கேட்கிற வேலையே இல்லை.

ஒரு எச்சரிக்கை: கொழுந்தை அப்படியே ஃபேக்டரிக்கு விற்கும்வரை அது விவசாய வருமானம், வருமான வரி இல்லை. சொந்தக் கொழுந்தைத் தூளாக்கி விற்கத் தொடங்கினால் லாபத்தில் 40 சதவீதப் பங்கு வருமான வரிக்கு உட்படும்.