மீன் குழம்பின் மஞ்சளும் குப்பியின் மஞ்சளும்

கேள்வி: எனக்கு வயது 63. இரண்டு ஆண்டுகளாக மூட்டுவலி. வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் மஞ்சள் மாத்திரை அனுப்பி வருகிறான்; காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாகச் சாப்பிடுகிறேன். இதய வால்வு அறுவை சிகிச்சை செய்துகொண்டதால், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். மஞ்சள் மாத்திரை சாப்பிடுவோர் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பாட்டிக்குப் பாட்டி காலத்திலிருந்து நாள் தவறாமல் உண்டுவரும் மஞ்சளுக்கு ஆங்கில மருத்துவரின் அனுமதி எதற்கு? அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர்களே தோற்றுப்போன மூலிகை அல்லவா அது? கடைத் தூளில் கலப்படம் இருப்பதால்தானே மாத்திரைக்குப் போகிறோம்? அப்படியானால் குழம்புக்கு மஞ்சள் போடுவதையும் நிறுத்திவிட வேண்டுமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவற்றைப் பிறகு பேசுவோம். வார்ஃபரின் சாப்பிடும் ஒருவர் செறிவூட்டிய மஞ்சள் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரத்தம் உறையும் தன்மை அளவுக்கு மேல் குறைந்து, உள்ளே இரத்தம் கசியக்கூடும். இவ்விரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது பற்றி நியூசிலாந்தின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-லேயே எச்சரித்திருக்கிறது. எனவே மஞ்சள் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். வார்ஃபரினை மட்டும் நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வால்வு பொருத்தியவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. நாளையே உங்கள் மருத்துவரிடம் குப்பியைக் கையோடு எடுத்துச் சென்று காட்டி, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மஞ்சள் மாத்திரையை நிறுத்தியதாலும் அந்த அளவு மாறலாம் என்பதால், சில நாள் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வார்கள். ஈறில் இரத்தம், காரணமில்லாமல் தோலில் தோன்றும் நீலத் திட்டு, கறுத்த மலம் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் நாளை வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். பாட்டிமார் உண்ட மஞ்சள் என்கிறீர்கள். நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த குப்பியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கத்தில் பச்சை இலையும் வெட்டிய மஞ்சள் கிழங்கும் அழகாக அச்சிடப்பட்டுள்ளன. பின்பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்கக் கடினமான எழுத்தில், ஒரு மாத்திரையில் 95 சதவீதம் குர்குமினாய்டுகள் (மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமினும் அதன் இனப் பொருள்களும்) கொண்ட மஞ்சள் சத்து 500 மில்லிகிராமும் மிளகுச் சத்து 5 மில்லிகிராமும் உள்ளதாக எழுதியிருக்கிறது. இதை எந்தப் பாட்டியும் உண்டதில்லை.

என் அம்மா மீன் குழம்புக்கு அரைப்பதைப் பல ஆண்டுகள் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விரலி மஞ்சளின் ஒரு துண்டை அம்மிக் குழவியால் தட்டி உடைத்து, நல்லமிளகும் கொத்தமல்லியும் தேங்காய்த் துருவலும் சேர்த்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து மைபோல அரைத்தெடுப்பார். அம்மியைக் கழுவிய மஞ்சள் நீரையும் வீணாக்காமல் சட்டியிலேயே ஊற்றுவார். அந்தச் சட்டிக்குள் போன மஞ்சளைத் தாராளமாக ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம், என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம் இருக்கும் என்று கொண்டால் சட்டி முழுவதிலும் 90 மில்லிகிராம் இருக்கும். வீட்டில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு 18 மில்லிகிராம். உங்கள் இரண்டு மாத்திரைகளில் 950 மில்லிகிராம் இருக்கிறது. அந்த மீன் குழம்பை 50 நாளுக்கு மேல் தொடர்ந்து உண்டால் சேரக்கூடியதை நீங்கள் ஒரே நாளில் விழுங்குகிறீர்கள். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, உணவில் நிறத்துக்காகச் சேர்க்கும் குர்குமினுக்கு வைத்திருக்கும் அன்றாட வரம்பு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 180 மில்லிகிராம்தான்.

மிளகைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அந்த 5 மில்லிகிராம்தான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. வெறும் குர்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்குள் மிகக் குறைவாகவே செல்கிறது. சென்றதையும் கல்லீரலும் குடற்சுவரும் விரைந்து மாற்றி வெளியே அனுப்பிவிடுகின்றன. 1998-இல் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப் பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. நூற்றுக்கு ஒன்று என்ற அதே விகிதத்தில்தான் உங்கள் குப்பியிலும் மிளகுச் சத்து சேர்க்கப்பட்டிருக்கிறது. நம் வீட்டுக் குழம்பிலும் நல்லமிளகு இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் அங்கே அது 18 மில்லிகிராமுக்குத் துணை போகிறது, இங்கே 950 மில்லிகிராமுக்குத் துணை போகிறது. அதோடு, குர்குமினை வெளியேற்றும் வேலையைத் தடுக்கும் பைப்பரின் மற்ற மருந்துகளின் வெளியேற்றத்தையும் தடுக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிட்டாயின், இரத்த அழுத்தத்துக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் பிரொப்ரனலால் ஆகியவற்றின் அளவு இரத்தத்தில் உயர்வது ஆய்வுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆங்கில மருத்துவரின் அனுமதி எதற்கு என்று கேட்டீர்கள். அவர் கொடுத்த மாத்திரை உங்கள் உடலில் எவ்வளவு தங்கும் என்பதை இந்தக் குப்பி மாற்றிவிடுகிறது என்பதால்தான்.

வார்ஃபரின் சாப்பிடாதவர்களும் இதைப் படிக்கிறார்கள் என்பதால் கல்லீரலைப் பற்றி ஒன்று. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி ஏற்பட்ட நிகழ்வுகள் 2019-இல் இத்தாலியில் அடுத்தடுத்துப் பதிவாயின. 2022-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இத்தகைய 10 நோயாளிகளைப் பற்றி வெளியிட்டார்கள். அவர்களில் ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். 2023-இல் ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரிக்கை வெளியிட்டது. இலட்சக்கணக்கானோர் சாப்பிடும் ஒன்றில் இது அரிய பாதிப்புதான்; நிறுத்தியதும் பெரும்பாலோர் குணமடைகிறார்கள் என்பதும் உண்மை. ஆயினும் கண் மஞ்சளித்து, சிறுநீர் கடுத்த நிறமாகி, சோற்றைக் கண்டாலே குமட்டுகிறது என்றால், 'மஞ்சள் எப்படிக் காமாலை தரும்' என்று வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை. பித்தப்பைக் கல் உள்ளவர்களும், இரும்புச்சத்துக் குறைபாடு உள்ளவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் இம்மாத்திரைகளைத் தவிர்ப்பது நல்லது. மூட்டுத் தேய்மான வலியில் ஓரளவு நிவாரணம் கிடைப்பதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டியிருப்பதை நான் மறைக்கவில்லை. உங்களுக்கு அது பொருந்தாது என்பதே என் பேச்சு.

காப்புரிமை வழக்கை நானும் பெருமையோடு நினைப்பவன்தான். மஞ்சளால் காயத்தை ஆற்றும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதை எதிர்த்துப் பழைய நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் சான்றாக வைத்து 1997-இல் அதை நீக்கச் செய்தது. காயத்துக்கு மஞ்சள் என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று, இந்தியருக்கு முன்பே தெரிந்தது என்பதுதான் அங்கே நிலைநாட்டப்பட்டது. 500 மில்லிகிராம் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கலாம் என்று அங்கே யாரும் நிரூபிக்கவில்லை. நம் மாவட்டத்தில் இன்றும் மதிப்போடு வாழும் சித்த மருத்துவரிடமோ வர்ம ஆசானிடமோ போய்ப் பாருங்கள்: நாடி பிடித்து, வேறு என்ன மருந்து உண்கிறாய் என்று கேட்டு, இன்ன அனுபானத்தில் (மருந்தோடு சேர்த்து உண்ணும் தேன், பால் போன்றவற்றில்) இத்தனை நாள் என்று கணக்குச் சொல்லித்தான் மருந்தைக் கையில் தருவார். உங்கள் குப்பி எதையும் கேட்கவில்லை. அதை மரபு என்று அழைப்பது அந்த ஆசான்மாருக்குச் செய்யும் குறை.

கலப்படம் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. மங்கிய மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் பூசுவதும், தூளில் மெட்டானில் மஞ்சள் சாயம் கலப்பதும் நடந்திருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அதற்கு மருந்து மாத்திரையில் இல்லை, உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள புரையிடத்தில் இருக்கிறது. சித்திரை, வைகாசி மழையோடு தென்னைக்கும் வாழைக்கும் இடையில் இருபது, இருபத்தைந்து மூடு மஞ்சள் நட்டால், இலை காய்ந்து சாயும் தை, மாசியில் ஐந்து கிலோ அளவுக்குப் பச்சை மஞ்சள் எடுக்கலாம். அவித்து, கிழங்கை ஒடித்தால் கணீரென்று உடையும்வரை வெயிலில் காய வைத்தால் ஒரு கிலோ தேறும். நாளுக்கு ஒரு தேக்கரண்டி செலவாகும் வீட்டுக்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதற்கும் அது போதும். இடமில்லாதவர்கள் தூளாக வாங்காமல் விரலியாக வாங்கி மில்லில் கொடுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது ஒரு விரலியைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். போட்ட உடனே தண்ணீர் பளீரென்று மஞ்சளானால் அது பூசப்பட்ட சாயம் என்று சந்தேகித்து, வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

குழம்புக்குப் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டுமா என்ற கடைசிக் கேள்விக்கு, வேண்டாம் என்பதே பதில். நீங்கள் வழக்கமாகப் போடும் அளவைக் கூட்டாமல், குறைக்காமல் அப்படியே போடுங்கள். மரச்சீனிக் கிழங்கை மஞ்சளும் தேங்காயும் சேர்த்து மசித்து மீன் குழம்போடு உண்பதில் உங்கள் வார்ஃபரினுக்கு எந்தச் சண்டையும் இல்லை. மகனிடம் அடுத்த குப்பியை அனுப்ப வேண்டாம் என்று இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பரிசோதனை முடிவு வந்தபின் எங்களுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்.