மூடாத சக்கரம்

அன்புள்ள ஐயா,

நான்கு ஆண்டுகளாக ஃபார்முலா ஒன் பந்தயங்களைப் பின்தொடர்கிறேன். இந்த ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயம், உலக ரேலி, நாஸ்கார் என்று மற்றவற்றையும் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். நண்பர்கள் கேலி செய்கிறார்கள். சக்கரங்கள் வெளியே தெரியும் ஒற்றை இருக்கைக் கார்தான் உச்சம், மற்றவையெல்லாம் அங்கே இடம் கிடைக்காதவர்களின் களம் என்பது அவர்கள் கட்சி. எனக்கோ ஃபார்முலா ஒன்னில் முந்துவதே அரிதாகிவிட்டது போலத் தோன்றுகிறது. சக்கரங்கள் மூடிய கார்கள் ஓடும் அமெரிக்க நாஸ்காரில் ஒரே பந்தயத்தில் முன்னிலை பலமுறை கைமாறுகிறது. சக்கரங்களை மூடிவிட்டால் ஃபார்முலா ஒன்னிலும் தைரியமாக மோதி முந்தலாமே, ஏன் மூடுவதில்லை? ரேலியில் ஒரு கார் தனியாக ஓடுகிறது. அதைப் பந்தயம் என்று சொல்லலாமா? லே மானில் ஒரு காருக்கு மூன்று ஓட்டுநர்கள், யாரைக் கொண்டாடுவது? நேரமின்மையால் பெரும்பாலும் பத்து நிமிடச் சுருக்கக் காணொளிகளைத்தான் பார்க்கிறேன். ஒரு ரசிகனாக நான் எதைப் பார்க்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

பத்து நிமிடக் காணொளி என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதற்காக உங்களைத் திட்டிவிடுகிறேன். ஒரு பகலும் ஓர் இரவும் ஓடும் பந்தயத்தைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு யாரைக் கொண்டாடுவது என்று கேட்பது, கடிதத்தின் அடியில் உள்ள கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியவர் நல்லவரா என்று கேட்பதைப் போன்றது. 2016 லே மானில் டொயோட்டா கார் முன்னிலையில் இருந்தது. முடிய இன்னும் சில நிமிடங்கள். கசூகி நகாஜிமாவின் காரில் சக்தி வற்றியது. தொடக்கக் கோட்டைத் தாண்டிய இடத்தில், தன் அணியினரின் கண்ணெதிரே அது நின்றே போனது. போர்ஷே கடந்து சென்று வென்றது. நின்ற காரை உயிர்ப்பித்து எப்படியோ ஒரு சுற்று ஓட்டி முடித்தும், அந்தச் சுற்றுக்கு அளவுமீறி நேரமானதால் முடிவுப் பட்டியலில்கூட அது சேரவில்லை. காணொளியில் அது நாற்பது வினாடி வரும். இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தவனுக்கு அந்த நாற்பது வினாடி வேறு. யாரைக் கொண்டாடுவது என்ற கேள்வி அவனுக்கு வராது. யாருக்காக அழுவது என்பதுதான் வரும், அதற்கும் மூன்று பேர் இருப்பார்கள்.

உங்கள் நண்பர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கிமி ரைக்கோனன் 2007-ல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன். 2010-ல் ரேலிக்குப் போனார். இரண்டு பருவங்களில் அவருடைய மிகச் சிறந்த முடிவு ஐந்தாம் இடம். உச்சத்திலிருந்து இறங்கி வந்தவர் கீழே இருப்பவர்களை ஊதித் தள்ளியிருக்க வேண்டும் அல்லவா? அங்கே செபாஸ்டியன் லோப் என்றொருவர் இருந்தார். ஒன்பது முறை தொடர்ந்து உலகச் சாம்பியன். மலை ஒன்றுதான், ஏறும் பக்கம் வெவ்வேறு என்றுகூட நான் சொல்லமாட்டேன். மலைகளே வெவ்வேறு.

முன்னிலை கைமாறும் எண்ணிக்கையைப் பற்றி. 2010-ல் டல்லடேகாவில் நடந்த நாஸ்கார் பந்தயத்தில் 88 முறை முன்னிலை மாறியது. அங்கே முதலில் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான், பின்னால் வருகிறவன் அவன் கிழித்த வழியில் சுகமாக வருகிறான். முந்துவது மலிவு, முந்திய இடத்தில் நிற்பதுதான் விலை கூடியது. எனக்கு அந்தப் பந்தயங்கள் பிடிக்கும். ஆனால் அந்த 88-ஐயும் ஃபார்முலா ஒன்னின் ஒரு 2-ஐயும் பக்கத்தில் வைத்து எது பெரியது என்று கேட்கும் கணக்கு எனக்குப் புரிவதில்லை. ஃபார்முலா ஒன்னில் முன்னே போகும் கார் கலைத்துவிடும் காற்று, முந்த உதவத் திறக்கும் பின்னிறகு போன்றவற்றை எல்லாரும் எழுதிவிட்டார்கள்; விடுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் ஒரே ஒரு வாக்கியத்துக்காக. "சக்கரங்களை மூடிவிட்டால் தைரியமாக மோதி முந்தலாமே." இதைப் படித்தபோது என் கையில் கிரீஸ் இருந்தது. அண்ணனின் பழைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக இதே விஷயம்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சைக்கிளுக்கு மட்கார்டு கிடையாது. பதினாறு வயதில் அண்ணனே இரண்டையும் கழற்றினான். பந்தயக் கார் போல இருக்க வேண்டுமாம். அவன் அறைச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது, எங்கோ ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்தது. 1979, டிஜோன், பிரெஞ்சு கிராண்ட் பிரீ. ஜில் வில்நெவின் ஃபெராரியும் ரெனே ஆர்னுவின் ரெனோவும் தோளோடு தோள். முதலிடத்துக்கான சண்டைகூட இல்லை அது. ஜான் பியர் ஜாபுயி முன்னே போய்க்கொண்டிருந்தார். டர்போ இயந்திரத்துக்கு ஃபார்முலா ஒன்னில் முதல் வெற்றியை அன்று அவர்தான் பெற்றுத்தந்தார். ஆனால் அந்தப் பந்தயம் என்றால் எல்லார் நினைவுக்கும் வருவது இரண்டாம் இடத்துக்கான சண்டைதான். கடைசிச் சுற்றுகளில் இரண்டு கார்களும் மாறி மாறி முந்தின, சக்கரத்தோடு சக்கரம் பலமுறை உரசின, தடத்தை விட்டு விலகித் திரும்பி வந்தன. வில்நெவ் இரண்டாவது, ஆர்னு மூன்றாவது. ஒரு சக்கரமும் கழன்று விழவில்லை.

நாங்கள் அதை ஓடும் படமாகப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து. அப்போது எங்களிடம் இருந்தது அந்தக் கிழிந்த தாள் மட்டும். அதை வைத்துக்கொண்டு அண்ணன் கடைசிச் சுற்றை முழுக்க வாயால் ஓட்டிக் காட்டுவான்.

ஒரு நாள் அவனை முந்திக்காட்டுகிறேன் என்று நான் கிளம்பினேன். என் சைக்கிள் கனமானது, மட்கார்டு, விளக்கு எல்லாம் உண்டு. இறக்கத்தில் அவன் பின்னால் ஒட்டிக்கொண்டு போனேன். என் முன் சக்கரம் அவன் பின் சக்கரத்தைத் தொட்டது. தொட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, உரசியது. அடுத்து எனக்கு நினைவிருப்பது வாயில் மண். அவன் நூறு அடி போன பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி வந்து, என் முழங்காலைப் பார்க்கும் முன், "பின்னால் வருகிறவன்தான் பார்க்க வேண்டும்" என்றான். அந்த வயதில் அது கொடுமையான வாக்கியமாகத் தோன்றியது.

இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். முன்னோக்கி ஓடும் ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அதன் உச்சி முன்னே போகிறது. முன்முகம் கீழே இறங்குகிறது. பின்முகம் மேலே ஏறுகிறது. முன்னால் போகும் காரின் பின் சக்கரத்தை, பின்னால் வரும் காரின் முன் சக்கரம் தொடுகிறது என்று வையுங்கள். தொடும் புள்ளியில் ஒரு ரப்பர் ஏறிக்கொண்டிருக்கிறது, மற்றது இறங்கிக்கொண்டிருக்கிறது. ஏறும் ரப்பர் பின்வருபவனின் சக்கரத்தைக் கவ்வி மேலே இழுக்கும். ஏணி தானாக முளைத்தது போலக் கார் அதில் ஏறிவிடும். 2010-ல் வலென்சியாவில் மார்க் வெப்பரின் கார் ஹெய்க்கி கோவலைனனின் பின் சக்கரத்தில் ஏறி அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டது இப்படித்தான். அவர் இறங்கி நடந்து போனார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

டிஜோனில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இருவரும் பக்கத்துப் பக்கத்தில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருந்தார்கள். உரசியது டயரின் விலாவோடு விலா. அங்கே தள்ளல் உண்டு, தூக்கல் இல்லை. அது அதிர்ஷ்டம் மட்டும்தானா? எதிராளியின் சக்கரம் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் அங்குல அளவில் தெரிந்திருந்தது. தன் சக்கரமும் கண்ணுக்குத் தெரிகிறது, அவன் சக்கரமும் தெரிகிறது. வளைவில் அவனுக்கு ஒரு கார் அகலம் இடம் விட்டே தீரவேண்டும். விடாவிட்டால் இரண்டு பேரும் போவோம். நீங்கள் கோழைத்தனம் என்று நினைக்கும் அந்த விலகலைத்தான் நான் நாற்பது ஆண்டுகளாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூடிய உடல் கொண்ட கார்களில் லேசாக இடித்தால் தகடு நசுங்கும், வண்டி ஓடும். அதனால் இடிக்கலாம் என்ற எண்ணம் வரும். அதுவும் ஒரு கலைதான், பின்னால் வருகிறவன் முன்னவனை முட்டித் தள்ளியே இருவரும் வேகம் கூட்டிக்கொள்வதை டேடோனா நாஸ்கார் பந்தயத்தில் பார்த்து வியந்திருக்கிறேன். ஆனால் அதைத் தைரியம் என்று எழுதாதீர்கள், க. அடி படாது என்று தெரிந்து இடிப்பதற்குத் தமிழில் வேறு சொற்கள் இருக்கின்றன.

மூடிப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார்கள். திறந்த சக்கரம் காற்றைக் குழப்பும், வேகத்தைத் தின்னும்; பொறியாளர் எவருக்கும் அதைப் பிடிக்காது. 1954-ல் மெர்சிடஸ் அணி சக்கரங்களை முழுக்க மூடிய உடலோடு ரீம்ஸ் தடத்துக்கு வந்தது. நீண்ட நேர்பாதைகள் உள்ள தடம். ஃபான்ஜியோவும் கார்ல் கிளிங்கும் முதல் இரண்டு இடங்களை அள்ளினார்கள். இரண்டு வாரம் கழித்து சில்வர்ஸ்டோன். அங்கே வளைவுகளின் ஓரத்தில் அடையாளத்துக்கு எண்ணெய்ப் பீப்பாய்களை வைத்திருந்தார்கள். ஃபான்ஜியோ அவற்றில் இடித்தார், மறுபடியும் இடித்தார். பின்னாளில் ஐந்து முறை உலகச் சாம்பியன் என்று பெயர் பெற்ற மனிதருக்குத் தன் முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை! நசுங்கிய மூக்கோடு நான்காவதாக வந்தார். அடுத்து நூர்புர்க்ரிங்குக்குத் திறந்த சக்கரக் காரைக் கொண்டுவந்தார்கள், வென்றார். (மோன்சாவில் மூடிய உடல் திரும்பி வந்து அதுவும் வென்றது. என் கட்சிக்குச் சாதகமானதை மட்டும் சொன்னேன் என்று இன்னொருவர் கடிதம் எழுத வேண்டாம்.)

அமெரிக்காவின் திறந்த சக்கரப் பந்தயமான இண்டிகாரில் 2012 முதல் பின் சக்கரங்களுக்குப் பின்னால் ஒரு காப்பு வைத்தார்கள், நான் சொன்ன அந்த ஏணியைத் தடுக்கத்தான். அந்தக் காரை ஓடவிட்டுச் சோதித்த டான் வெல்டன், அது பந்தயத்துக்கு வருவதற்கு முன்பே, 2011 அக்டோபரில் லாஸ் வேகஸில் பதினைந்து கார்கள் சிக்கிய விபத்தில் இறந்தார். காருக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார்கள். 2018-ல் அந்தக் காப்பையும் எடுத்துவிட்டார்கள். மின்சாரக் கார்களின் ஃபார்முலா ஈ-யும் சில பருவங்கள் சக்கரங்களை மூடிப் பார்த்துவிட்டு மறுபடி திறந்தது. அந்த மூடிய பருவங்களில் முட்டலும் மோதலும் எவ்வளவு என்று போய்ப் பாருங்கள். உங்கள் யோசனையின் விளைவு அங்கே ஏற்கெனவே ஓடிக் காட்டப்பட்டிருக்கிறது.

வெல்டனைப் பற்றி எழுதிவிட்டு வில்நெவைப் பற்றி எழுதாமல் போக முடியாது. 1982 மே 8, ஸோல்டர், தகுதிச் சுற்று. யோகன் மாஸ் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். வேகமாக வரும் ஃபெராரிக்கு வழிவிட வலப்பக்கம் ஒதுங்கினார். முந்த வந்த வில்நெவும் வலப்பக்கமே திரும்பினார். ஃபெராரியின் இடது முன் சக்கரம், மாஸின் வலது பின் சக்கரம். ஏணி. டிஜோனுக்கும் இதற்கும் மூன்று ஆண்டுகூட இல்லை. ஒருவன் மற்றவனுக்கு இடம் விட நினைத்து நடந்த விபத்தில் வில்நெவ் இறந்தார். இவ்வளவு நேரம் நான் புகழ்ந்த விலகல்தான் அன்று இருவரையும் ஒரே பக்கம் கொண்டுபோனது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அண்ணன் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தான். கிழிக்கவில்லை, மடித்து எங்கோ வைத்தான். அதன் பிறகு திறந்த சக்கரப் பந்தயத்தை அவன் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவன் பார்ப்பதெல்லாம் நீங்கள் பந்தயமா என்று சந்தேகப்படும் ரேலிதான். காரணம் கேட்டால், "அதில் யாரும் யார் மேலும் ஏற முடியாது" என்பான். பக்கத்தில் உட்கார்ந்து வளைவுகளை வாசித்துச் சொல்லும் துணை ஓட்டுநர்தான் அவனுக்கு நாயகன். 1955-ல் இத்தாலியின் மில்லே மில்யா சாலைப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மோஸுக்கு டெனிஸ் ஜென்கின்சன் ஒரு பெட்டிக்குள் சுருட்டிய நீளமான காகிதத்தைப் பார்த்துப் பார்த்துக் கைச்சைகையால் வழி சொன்னதையும், ஏறக்குறைய 1,600 கிலோமீட்டரை 10 மணி 7 நிமிடம் 48 வினாடியில் முடித்ததையும் என்னிடம் முப்பது முறையாவது சொல்லியிருப்பான். வழியில் ஜென்கின்சன் வாந்தி எடுக்கத் தலையை வெளியே நீட்டியபோது காற்று மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போன இடத்தில் ஒவ்வொரு முறையும் அவனே முதலில் சிரித்துவிடுவான். தனியாக ஓடும் கார் என்கிறீர்கள். அதற்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், க.

நேற்று அவனிடம் தொலைபேசியில் பேசினேன். சைக்கிள் தயார், மட்கார்டு வாங்கி மாட்டட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பின்னால் யார் வரப்போகிறார்கள்? அப்படியே இருக்கட்டும்" என்றான்.

எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். டிஜோன் கடைசிச் சுற்றுகள் இணையத்தில் கிடைக்கின்றன. மொத்தமே சில நிமிடங்கள்தான், உங்கள் அவசரத்துக்கும் பொருந்தும். முதல் முறை சாதாரணமாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டு, ஆர்னுவின் முன் சக்கரத்தை மட்டும் பாருங்கள்.