கண் மூடலைன்னா காத்திருக்காதீங்க

தங்கச்சிக்குத் தீக்காயம் ஆறி எட்டு மாசம், தாடை நெஞ்சைப் பார்த்து இழுக்குது, இடது கண் முழுசா மூடலை, சொந்தக்காரங்க "ஒரு வருஷம் போகட்டும்"னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கீங்க.

அந்தக் கணக்கு முழுப் பொய்யில்லை. தழும்பு முதிர 12லிருந்து 18 மாசம் ஆகும். கன்னத்து மேடு, நிறம் இதுக்கெல்லாம் பொறுக்கலாம். கண்ணுக்கு அது செல்லாது. மூடாத கண் காஞ்சு கருவிழியில புண் வந்தா பார்வைக்கே ஆபத்து. இந்த வாரமே பிளாஸ்டிக் சர்ஜன், கண் டாக்டர் ரெண்டு பேர்கிட்டயும் காட்டுங்க. சென்னைப் பக்கம்னா கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில தீக்காயத்துக்குத் தனிப் பிரிவே இருக்கு.

கழுத்துல இறுக்கத்தை அறுத்து விட்டு, பெரும்பாலும் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவாங்க. என் அக்காவுக்குப் பண்ணினப்போ கழுத்தைவிடத் தொடைதான் எரியுதுன்னு அழுதா. ஆனா ஆபரேஷனைவிடப் பிறகு வந்த ஆறு மாசம்தான் பெரும்பாடு. ஒட்டின தோலும் சுருங்கும். அதனால கழுத்துப் பட்டையைக் குளிக்க, சாப்பிட மட்டும் கழட்டுவா. தலையணை கிடையாது, தோளுக்கடியில மடிச்ச துண்டு. நடுவுல ஒரு வாரம் பட்டையை விட்டதுக்கே தாடைக்கடியில கயிறு மாதிரி புடைச்சிருச்சு.

இன்னொண்ணு, கழுத்து நிமிராதவங்களுக்கு ஆபரேஷனுக்கு மயக்கம் குடுக்கும்போது மூச்சு விட டியூப் போடறது சிரமம். மயக்க டாக்டர் முன்கூட்டியே பார்க்கணும்.

பழைய முகம் வருமான்னு கேட்டீங்க. அப்படியே வராது. அக்கா இப்போ அண்ணாந்து தண்ணி குடிக்கிறா.